உப்புத் தண்ணீரில் மிதந்த இருபது

பூட்டு ரிப்பேர்காரருக்குத் தன் நிழல்மீதே சந்தேகம். வீட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் பகடைக் கதை விளையாட்டுக்கு விதி எழுதுபவரும் அவரேதான். இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால் கதையில் எதிரிமேல் விழும் வாள்வெட்டுக்கு இரட்டைச் சேதம். அது அவருக்கு விழுவது போதாதென்று மச்சினனுக்கும் அடிக்கடி விழுந்தது. இன்னொரு முறை உருட்டி உறுதி செய்யவேண்டும் என்று விதியை மாற்றினார். அப்போதும் அவனே ஜெயித்தான்.

பொறுக்காமல் மச்சினனின் பகடையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டினார். கனம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரே எண்தான் மேலே வரும். வேறு வேறு எண்கள் வந்தன.

"ஏங்க, இப்ப உங்களோடதப் போடுங்க" என்றாள் மனைவி.

போட்டார். இருபது. சுண்டினார். இருபது. மறுபடியும் இருபது.

"இப்பல்லாம் உப்புலகூட கலப்படம் பண்றானுங்க" என்றார்.