வலி நின்றால் சொல்லுங்கள்

அன்று என் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விடும் என்றே நினைத்தேன். ஆரணியில் பாவு புணைப்பவள் நான். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்ததும் பழைய இழையோடு புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்ட வேண்டும், ஆயிரக்கணக்கில். அந்த இரண்டு விரல்கள் இல்லாவிட்டால் நான் எதற்கும் ஆகாதவள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம். புதுத் தறியில் அறுக்கும் முதல் சேலை படவேட்டுக் கோயில் அம்மாவுக்கு என்று வேண்டியிருந்தோம். அறுத்துப் பார்த்தால் முந்தானையில் மிளகளவு துருக்கறை. ஆடி முடிவதற்குள் வேறு சேலை நெய்ய நாளில்லை. சாயப்பட்டறையிலிருந்து துரு எடுக்கும் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். துணியால் தேய்த்தால் பட்டில் இழை எழும்பிவிடும் என்று விரலாலேயே தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். சாயத்துக்கான ஆசிட்டில் தினமும் கை வைக்கிற ஊர்தானே, இதுவும் அப்படித்தான் என்ற அலட்சியம். கறை பாதிதான் மங்கியது.

மதியம் வலி தொடங்கியது. கொப்புளம் இல்லை, சிவப்புகூட இல்லை. எலும்புக்குள் ஊசி இறக்குவது போல இருந்தது. சாம்பல் பூசினேன், தேங்காயெண்ணெய் பூசினேன். தெருமுனை டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியேம்மா" என்று மாத்திரை கொடுத்தார்.

"வலிச்சிகினே இருக்குதுன்ற, பார்த்துகினு இருக்கச் சொல்றியா? வேலூர் போவலாம், ஜல்தியா கெளம்பு" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வேறு பயம். அம்மாவின் சேலையில் கறையை மறைக்கப் பார்த்தேனே, அதற்குத்தான் இந்தத் தண்டனை. பஸ் கண்ணமங்கலம் தாண்டும்போது படவேட்டுப் பக்கம் திரும்பி அழுதேன். விரலை எடுத்துக்கொள்ளாதே, வலியையாவது நிறுத்து தாயே.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். வீட்டுக்காரர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். பட்டறைக்காரரிடம் சண்டை போடுவதற்காக வைத்திருந்தாராம். அதில் ஒட்டியிருந்ததைப் படித்ததும் டாக்டர் எழுந்துவிட்டார்.

"இது மேல நிக்காதுங்க. உள்ள எறங்கி எலும்ப அரிக்கும். மாத்து மருந்தும் தோல் வழியாத்தான் உள்ள போவணும்."

கையை நெடுநேரம் குழாயில் கழுவினார்கள். கால்சியம் கலந்த ஜெல்லியை விரல்களில் தேய்த்தார்கள். ரப்பர் கையுறை நிறைய அதையே போட்டு, என் கையை உள்ளே விட்டார்கள்.

"மரத்துப்போற ஊசி போடுங்கம்மா, உயிர் போவுது" என்று கெஞ்சினேன்.

"போட மாட்டேன். வலிதான் எனக்கு அடையாளம். மரத்துட்டா மருந்து போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியாது. வலி நின்னா சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் மேல், வீட்டுக்காரர் மேல், பொய் சொல்ல மாட்டேன், அம்மா மேலும்தான். பிறகு கோபப்படவும் தெம்பில்லை. வலியை நிறுத்து என்று கேட்பதை விட்டேன். மருந்தை உள்ளே கொண்டுபோ தாயே என்று கேட்டேன். அதை மட்டுமே கேட்டேன்.

ஜெல்லியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒரு நேரத்தில் ஆள்காட்டி விரலில் வலி இல்லை. நம்பாமல் காத்திருந்தேன். அடுத்து கட்டைவிரல்.

"நின்னுடிச்சிங்க" என்றேன். வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார்.

நகம் ஒன்று கறுத்து விழுந்தது, அவ்வளவுதான். இன்றும் பாவு புணைக்கிறேன். அன்று வலிக்காமல் இருந்திருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து விரலை இழந்திருப்பேன். தண்டனை என்று நான் அழுத அந்த வலிதான் அம்மா என்னைக் கூப்பிட்ட குரல்.

சேலையைக் கறையோடுதான் கொண்டுபோனோம். பூசாரியிடம் மறைக்காமல் காட்டினேன். "அவளுக்குத் தெரியாததா, குடும்மா" என்று வாங்கிச் சாத்தினார்.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரலாம். அவளை நம்புங்கள். நம்பிவிட்டு வீட்டில் உட்காராதீர்கள், கிளம்புங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.