கதவில் ஒரு தகரப்பெட்டி

கோல சிலாங்கூரின் பழைய கடைவரிசையில், பக்கச் சுவர் ஒன்றை நிறைத்துப் பிசுகோத்து விளம்பரம் ஒன்று இன்னும் மங்கிக் கிடக்கிறது. மஞ்சள் நிறத் தகரப்பெட்டி. அதனருகே, வெயிலும் மழையும் கண்களைத் தின்றுவிட்ட ஒரு சிறுமி. இளையோர் அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். எனக்கோ அதைக் காணுந்தோறும் எரிச்சலே மூள்கிறது. அதே பெட்டிதான் என் தாய்மாமனின் மகிழுந்துக் கதவிலும் இருந்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் அது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால் இருந்த எங்கள் இரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் மறைந்திருப்போர்க்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசியும் கொண்டுசெல்ல விடமாட்டார்கள். அத்தகைய நாளில், கதவில் பிசுகோத்துப் பெட்டியை வரைந்து வைத்துக்கொண்டு சாலையில் திரிந்த ஒரே மனிதர் என் மாமாவாகத்தான் இருப்பார். தாயகம் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வண்டியை மலிவாக வாங்கியதாகவும், பிசுகோத்து நிறுவனத்தார் படத்தை வரைந்து கொடுத்ததாகவும் சொல்லிக்கொண்டார். சாலைத் தடுப்புதோறும் காவலர் வண்டியை நிறுத்தி இருக்கையைத் தூக்கிப் பார்ப்பர்.

“ஊருல எல்லாரு காடியிலயும் ஆளு ஏறுறாங்க. உன் காடியிலதாண்டா போலீசு ஏறி எறங்குது” என்பார் அம்மா.

“விளம்பரம்லா அக்கா. அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு” என்பார் மாமா.

அண்ணனுக்குப் பெண் அமைந்தது. பெண்ணின் தந்தை கோல சிலாங்கூரில் துணிக்கடை வைத்திருந்தவர். சகுனம் பார்ப்பதில் இரக்கமற்றவர். பூனை குறுக்கே போனதென்று முன்பு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வாயிலோடு திருப்பியவர். பரிசம் போடும் நாளன்று நல்ல நேரம் கழியுமுன் வராவிட்டால் பேச்சு முறிந்தது என்று சொல்லியனுப்பியிருந்தார். அண்ணன் உண்ணாமல் உறங்காமல் கிடந்தான். வேறு வண்டி கிடைக்கவில்லை. ஆகவே அம்மா தம்பியிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: அந்தப் பெட்டிப் படத்தை அழித்துவிடு.

மறுநாள், பரிசத்தன்று காலையில் வண்டி வந்து நின்றது. படம் அழிந்திருக்கவில்லை. மங்கியிருந்த மஞ்சளின்மேல் புது மஞ்சள் பூசி, முன்னிலும் பெரிதாகத் தீட்டப்பட்டிருந்தது; இன்னும் காயவுமில்லை. அம்மா தலையில் கைவைத்து அமர்ந்துவிட்டார்.

பழமும் தேங்காயும் போகும் ஊரில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. வெறும் பரிசத் தட்டுகளை மடியில் ஏந்திப் புறப்பட்டோம். முதல் தடுப்பிலேயே மலாய்க் காவலர் கதவைத் தட்டி, பிசுகோத்து எங்கே என்று கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்காமல் தேடினார். இருக்கைகள் புல்லில் கிடந்தன. தட்டுகள் சாலையோரம் வரிசையாக நின்றன. அண்ணன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது போகாமல் நான் கதவின் ஈர வண்ணத்தை விரலால் நோண்டினேன். பற்றுப்போட்ட இடம் ஒன்று பொக்கென்று உதிர்ந்தது. என் விரல் உள்ளே போயிற்று.

“மாமா, இங்க ஓட்டை இருக்கு.”

“துரு பாப்பா. கைய எடு” என்றார். அவர் முகத்தை அன்றுதான் சிரிப்பில்லாமல் கண்டேன்.

நல்ல நேரம் முடியும் தறுவாயில் பெண் வீட்டை அடைந்தோம். எல்லாரும் உள்ளே சென்றோம், மாமாவைத் தவிர. அவர் புது வெள்ளைச் சட்டையோடு அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கைநீட்டித் தாம்பூலத் தட்டை வாங்காமல் பரிசம் நிறைவுறாது. அம்மா வாயிலிலிருந்து அழைத்தார். அவர் அசையவில்லை.

“மானத்த வாங்குறியேடா. உள்ள வாடா தம்பி.”

“காத்து நல்லா வருதுக்கா. கொஞ்சம் நிக்கிறேன்.”

சபை முணுமுணுத்தது. பெண்ணின் தந்தை எழுந்து வெளியே போனார். வண்டியை முன்னிருந்து பின்வரை பார்த்தார். மாமாவைப் பார்த்தார். சட்டையின் விளிம்பில் மஞ்சள் ஊறிக்கொண்டிருந்தது. முறிந்தது என்று எண்ணி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

“நீங்க நகர வேணாம் தம்பி. அங்கயே நில்லுங்க. தட்ட நானே கொண்டாறேன்” என்றார் அவர்.

அவ்வாறே வெயிலில், வண்டியருகில், தாம்பூலம் கைம்மாறியது. திரும்பும் வழியெல்லாம் அம்மா மாமாவை ஏசிக்கொண்டே வந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகில் பிசுகோத்துப் பெட்டி இடவலம் மாறி அப்பியிருந்தது. நானும் அம்மாவோடு சேர்ந்து சிரித்தேன்.

அண்ணி பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகு ஒருநாள் சொன்னார். துரை கப்பலேறவில்லையாம், தோட்டச் சாலையில், அந்த வண்டிக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தாராம். வண்டியைக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் சென்றபோது, துணிக்கடை வாயிலில் நின்று அண்ணியின் தந்தை கண்ணால் கண்டிருக்கிறார். பிசுகோத்து நிறுவனம் எதையும் வரையவில்லை. குண்டு துளைத்த இடங்களை மறைக்க மாமாவே பெட்டி வரைவித்தார். பூச்சு மங்கி வெடிக்கத் தொடங்கவே, பரிசத்தன்று துளைகள் சபைக்குத் தெரிந்துவிடக்கூடாதென்று முந்திய நாள் மறுபடி தீட்டுவித்தார். சாவு நேர்ந்த வண்டியில் பரிசம் வந்ததென்று யாரேனும் வாய்திறந்திருந்தால் அண்ணனுக்கு அண்ணி இல்லை.

நான் நோண்டித் திறந்த துளையைத்தான் மாமா முதுகால் அடைத்து நின்றார். பூனைக்கு அஞ்சிய மனிதர், அந்த வண்டியை அடையாளங்கண்ட பிறகும், அந்த முதுகைப் பார்த்தே தட்டோடு வெளியே நடந்து வந்திருக்கிறார்; அன்று எனக்கு அது விளங்கவில்லை. மாமாவைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.