ஆறினால் பிடிக்கும் பிரேக்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரையூர் ரோட்டின் குறுக்கே ஒரு ஆட்டு மந்தை. எங்கள் கார் நேராக அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுவது என் மனைவி ஸ்டெல்லா. பக்கத்து சீட்டில் நான்.

"என்னங்க... பிரேக் இல்ல," என்றாள்.

சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்கிற அதே குரல்!

நான் என்ன செய்தேன்? டேஷ்போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். அவள் பெடலை நாலைந்து தரம் குத்திப் பார்த்தாள். தரையைத் தொட்டுத் தொட்டு வந்தது. கியரைக் குறைத்தாள்... ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள்... வண்டி முனகிக்கொண்டே போய் நின்றபோது, முன்னால் நின்ற ஆட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

ஆட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார். "ஹாரன்னு ஒண்ணு இருக்குல்ல, அத அடிக்கப்படாதா?" என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்த வண்டி அது. ஸ்டெல்லா அதை வாங்கியபோது வெறும் கூடுதான், உள்ளே கோழி அடைத்திருந்தார்கள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் வரலாறு டீச்சர். பழைய சாமான் என்றால் கண் மின்னும். ஆனால் அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிற ஆள் இல்லை. அந்தக் கூட்டுக்குள் ஒரு ஜீப் இன்ஜினை இறக்கி, பின்னால் அகலமான டயர் போட்டு, முறைப்படி ஆர்.டி.ஓ. அனுமதியும் வாங்கினாள். பழைய உடம்புக்குள் வேகமான இன்ஜின்... ஹாட் ராட் என்கிறார்களே, அதுதான். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால் மாடி ஜன்னல்கள் எல்லாம் திறக்கும்.

அந்த வேலையில் கூட நின்றவர் மெக்கானிக் முத்தையா அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி அவருடைய ஒர்க் ஷாப். ஆட்டு மந்தைக்கு மறுநாள் காலையில் வண்டி அங்கே போனது. முத்தையா அண்ணன் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார்.

"டீச்சர், கல்லு மாதிரி நிக்கிது!"

ஆமாம். கல்லு மாதிரிதான் நின்றது. முந்தின நாள் தரை வரை போன பெடல்!

இருந்தாலும் அவர் விடவில்லை. எல்லா வாஷரையும் மாற்றினார். பிரேக் பைப்பில் இருந்த காற்றை எடுத்தார். நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. "இனிமே தைரியமா ஓட்டுங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து திருமங்கலம் வரை போய்த் திரும்பினோம். ரயில்வே கேட் திறந்து, வண்டியை நகர்த்திய மறு நிமிடம்... பெடல் மறுபடியும் தரையில். மெதுவாகப் போனதால் பிழைத்தோம்.

கோயம்புத்தூரிலிருந்து மகன் போனில் கத்தினான். "அம்மா, வெளயாடாதீங்க. வித்துருங்க!"

நானும் அந்தக் கட்சிதான். வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார். மாட்டுத்தாவணியில் பூ மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், எங்களை ரோட்டில் பார்க்கும்போதெல்லாம் வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு போன் போடட்டுமா என்று கேட்டேன்.

ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பிரேக் பிடிக்காத வண்டிய இன்னொருத்தர் தலையில கட்டச் சொல்றீங்களா? அவருக்குப் பிள்ளைக இல்லையா?"

போனைக் கீழே வைத்துவிட்டேன். 

அன்று சாயங்காலம் முழுக்க அவள் என்னைக் கேள்வி கேட்டாள். முதல் தடவை எங்கே? அதற்கு முன்னால் என்ன நடந்தது? எவ்வளவு நேரம் ஓடியிருந்தது? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு போர் ஏன் வந்தது என்று கேட்பாளே, அதே மாதிரி. நானும் யோசித்து யோசித்துச் சொன்னேன். முதல் தடவை, கல்லுப்பட்டிச் சந்தை நெரிசலில் ஊர்ந்து வந்தோம். இரண்டாம் தடவை, ரயில்வே கேட்டில் இன்ஜினை நிறுத்தாமல் நின்றோம்...

"அப்போ ரெண்டு தடவையும் வேகமா ஓடிட்டு, அப்புறம் ஊந்துக்கிட்டோ நின்னுக்கிட்டோ இருந்திருக்கோம்," என்றாள். "சூட்டுல போற பிரேக்க, ஒர்க் ஷாப்புல ஆற வச்சுப் பாத்தா எப்பிடித் தெரியும்?"

மறுநாளே முத்தையா அண்ணனிடம் போய், "அண்ணே, வண்டி உங்ககிட்ட வர வேணாம். நீங்க வண்டிக்கு வாங்க," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். பின் சீட்டில் டூல் பெட்டியும் முத்தையா அண்ணனும். திருமங்கலம் தாண்டும் வரை நல்ல வேகம். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கிளைச் சாலையில் திரும்பி, இன்ஜின் ஓட ஓட ஓரமாக நிறுத்தினாள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். எனக்கோ உள்ளுக்குள் ஒரு கேவலமான பிரார்த்தனை... ஒன்றும் நடக்கக் கூடாதே என்று.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெல்லா பெடலை மிதித்தாள். சர்ரென்று தரைக்குப் போனது.

"வந்துருச்சுண்ணே!" என்று கத்தினாள். பிரேக் போனதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

இன்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். முத்தையா அண்ணன் அடியில் நுழைந்தார். ஒவ்வொரு பைப்பாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு, "டீச்சர், அந்தத் தண்ணி பாட்டில குடுங்க," என்றார். பிரேக் பைப்பின் மேல் நாலு சொட்டு விட்டார்.

சுர்ர்ர்...

சைலன்சர் பைப், பிரேக் பைப்பை உரசுகிற மாதிரி ஒட்டிப் போகிறது. வண்டி ஓடும்போது காற்று பட்டு ஆறிவிடுகிறது. நின்றால் சூடு ஏறுகிறது. பிரேக் ஆயில் பைப்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகிறது. மிதித்தால் ஆவிதான் அமுங்கும். வண்டி எங்கே நிற்கும்? "ஆயிலும் பழசு. ஈரம் ஏறியிருந்தா இன்னும் சீக்கிரம் கொதிச்சிரும்," என்றார். உறுதி செய்துகொள்ள, பக்கத்திலிருந்த வேப்ப மர நிழலில் உட்கார்ந்து கொண்டுபோன முறுக்கைத் தின்றோம். வண்டி ஆறியதும் ஸ்டெல்லா பெடலை மிதித்தாள். கல்லு மாதிரி நின்றது. யாரும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை!

நானும் ஸ்டெல்லாவும் சிரித்தோம். முத்தையா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்ஜின் மாத்துனப்ப அந்த சைலன்சரை இந்தப் பக்கம் வளைச்சுவிட்டது நாந்தான், டீச்சர்," என்றார்.

ஆட்டு மந்தை என் கண் முன்னால் வந்து போனது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டெல்லா சொன்னாள்: "அந்தப் பக்கம் எடம் இல்லைன்னு நாமதானண்ணே சேந்து முடிவு பண்ணுனோம். இப்போ எடத்த உண்டாக்குவோம். வாங்க."

நாமதான்!

அவள் பிரேக் கோளாறைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் வந்த பெருமை இருக்கிறதே... அது வேறு. அந்த வார்த்தை என்ன செய்தது என்பதை முத்தையா அண்ணன் முகத்திலேயே பார்த்தேன். அந்த மனிதர் ஒர்க் ஷாப்புக்குத் திரும்பியதும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு எங்கள் வண்டியில் இறங்கினார். சைலன்சரை மறுபக்கம் கொண்டுபோனார். நடுவே ஒரு தகடு அடித்தார். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினார்.

மறுபடி அதே ரோடு. அதே வேகம். அதே வெயிலில் இன்ஜின் ஓட ஓட அதே நிற்றல். இந்தத் தடவை இரண்டு மடங்கு நேரம் காத்திருந்தோம். ஸ்டெல்லா வண்டியை எடுத்தாள், மிதித்தாள். என் மூக்குக் கண்ணாடி மடியில் வந்து விழுந்தது. அப்படி ஒரு பிரேக்!

இதில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். கோளாறு நடப்பது ஒரு இடத்தில்... நாம் விசாரிப்பது நமக்கு வசதியான இடத்தில். வீட்டுச் சண்டையும் அப்படித்தானே? கொதிக்கும்போது விட்டுவிட்டு, எல்லோரும் ஆறியபிறகு உட்கார்ந்து "இங்க ஒண்ணுமே இல்லையே" என்கிறோம்.

பூ வியாபாரி எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். இறங்கி, "டீச்சர், இப்பவாவது மனசு வைக்கலாம்ல?" என்றார்.

"இப்பத்தாங்க வண்டி சரியாச்சு," என்றாள் ஸ்டெல்லா. "இனிமேதான் நாங்க ஓட்டணும்."

பைபாஸில் எங்களை ஹாரன் அடித்து முந்திப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: நாங்கள் மெதுவாகப் போவது பயத்தில் அல்ல... திரும்பிப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கத்தான்.