அவர் கையைப் பிடித்திருந்த மிஸ்ஸி

சிரம்பானில் தீவிர சிகிச்சைப் பிரிவில் என் கணவரின் மணிக்கட்டு ரத்தக் குழாய்க்குள் ஊசி செருகி, அதிலிருந்து ஒரு குழாயைத் திரைவரை இழுத்திருந்தார்கள். திரையில் சிவப்புக் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. "ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷர் எவ்வளவுன்னு இதுவே காட்டிடும் பாட்டி. அந்தக் கைய மட்டும் தொடாதீங்கலா" என்றாள் தாதி. யாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நாங்கள் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அவர் தோட்டத்து லோரி ஓட்டினார். ஒருநாள் மத்தியானம் வழியில் காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகள் லோரியைச் சுட்டுவிட்டார்கள். விலாவில் குண்டு பட்டவரைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே டாக்டர் போல வைத்தியம் பார்த்த டிரெசர் கட்டுப் போட்டுவிட்டு, போலீஸ் துணை வந்ததும் சிரம்பானுக்கு அனுப்பலாம், ஆனால் உள்ளே ரத்தம் கசிந்து நாடி மெலிந்தால் துணைக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும் என்றார். நாடியைப் பார்க்க மிஸ்ஸியை உட்கார வைத்தார். நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துப் பெண், கல்யாணமாகாதவள், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ரப்பர் பால் நாறும் என் கைகளை முந்தானையில் மறைத்துக்கொண்டு கட்டிலின் காலடியில் நின்றேன்.

ஒரு மணி நேரமாக அவள் அவர் கையை விடவில்லை. நடுவில் கண் திறந்தவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. புருஷன் சாகக் கிடக்கும்போது இவளுக்கு இந்த நினைப்பா என்று கேட்பீர்கள். வந்ததே, என்ன செய்ய? "கைய விடுங்க மிஸ்ஸி. பொண்டாட்டி நான் இருக்கேன், நான் புடிச்சுக்கிறேன்" என்றேன். அந்த நேரம் அடுத்த கட்டிலில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்ததால் அவள் எழ வேண்டியதாயிற்று. "ரெண்டு விரல் வையுங்கோ தங்கச்சி. பெருவிரலை வைச்சா உங்கட நாடிதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் சொல்லி நான் கேட்பதா? கல்யாணத்தன்று பிடித்ததைப்போல இறுக்கிப் பிடித்துக் கட்டைவிரலைத்தான் வைத்தேன். பலமாக அடித்தது. ஆத்திரத்தில் அடித்த என் நாடி அது. அவள் அங்கிருந்து இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் "நல்லாத்தான் அடிக்குது" என்றேன். திரும்பி வந்து விரல் வைத்தவளின் முகம் வெளுத்தது. டிரெசர் ஓடிவந்து பிரஷர் பார்த்துவிட்டு, "இவ்வளவு இறங்குற வரைக்கும் யார் பாத்துக்கிட்டு இருந்தது?" என்று கத்தினார். அவள் என் கட்டைவிரலைப் பார்த்தாள். "நான்தான் ஐயா. கவனிக்காம இருந்திட்டன்" என்றாள்.

வேறொருவர் ஓட்ட, துணையில்லாமலே லோரி புறப்பட்டது. அவர் பிழைத்தார். மிஸ்ஸியை அந்த மாதமே தம்பின் ஊர்ப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. விலாத் தழும்பைத் தடவும்போதெல்லாம் அவர், "அந்த மிஸ்ஸி இல்லன்னா நான் இல்ல" என்பார். நான் சட்டியை ணங்கென்று அடுப்பில் வைப்பேன். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மறுநாள் அவர் தெளிந்து பேசத் தொடங்கியதும், இத்தனை வருஷம் மறைத்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். "உசுரோட இருந்தா தேடிப் போய்க் கேளு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நிலையிலும் அவருக்கு அவளைப் பற்றித்தான் கவலை. இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது.