மீசைக்காரனும் மச்சினனும்

நானும் ஆத்தாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, காப்பிக் கடையில் திரை கட்டியது. 1961, தை மாதம். ஜவுளிக்கடை ஷேக் பரீது இரவல் கொடுத்த வேட்டிதான் திரை. நான் ஆணி அடித்தேன். அவள் கீழே நின்று குறை சொன்னாள்.

“வலப்பக்கம் தொங்குது பாரு. கரண்டு ஆபீஸ்லயும் இப்படித்தான் கம்பி கட்டுறியா?”

மட்டம் வைத்துப் பார்த்தேன். திரை நேராக இருந்தது. கடைதான் சாய்ந்திருந்தது.

என் தாய் சொர்ணவல்லி இலுப்பூர் கடைத்தெருவில் காப்பிக் கடை நடத்தினாள். விவசாயக் குறும்படம் காட்ட பிளாக் ஆபீஸ் இடம் தேடியபோது, “நம்ம கடையில காட்டுங்க” என்று முன்வந்தாள். மாதம் ஒரு படம். வந்ததில் பாதி இந்தி. தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கரண்டியும் கையுமாகத் திரையருகே நின்று தானே பேசினாள்.

ஒருமுறை எருக்குழிப் படம் வந்தது. மீசைக்காரர் ஒருவர் குழி வெட்டுவார். இன்னொருவர் சும்மா நிற்பார். அவ்வளவுதான் படம்.

“நிக்கிறவன் மச்சினன்,” என்றாள் ஆத்தா. “‘ஒனக்கு ஒரு குழி வெட்டத் துப்பிருக்கா?’ன்னு பந்தியில வச்சுக் கேட்டுப்பிட்டான். இவன் ரோசத்துல வெட்டுறான்.”

“வெட்டு மாமா!” என்று கத்தினாள் காய்கறி விற்கும் மூக்காயி.

அந்த மாதம் கொல்லைக்குக் கொல்லை எருக்குழி. மச்சினன் உள்ளவர்கள் ஆழமாக வெட்டினார்கள்.

ஆத்தா இட்டுக்கட்டிப் பேசும் செய்தி பிளாக் ஆபீஸ் அதிகாரி முத்துராமன் காதுக்குப் போனது. வடக்கே வேலை பார்த்தவர், இந்தி தெரிந்தவர். அதே படத்தைக் கடைக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். அவர் கோபித்தால் புரொஜக்டர் பக்கத்து ஊர் விராலிமலைக்குப் போய்விடும். ஆத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“படம் போச்சுன்னா நான் வெறும் காப்பிக்காரிடா.”

அதற்காகத்தான் அன்று திரை கட்டினோம். பொழுது சாய்ந்ததும் அதிகாரி முன் பெஞ்சில் உட்கார்ந்தார். படம் ஓடியது. ஆத்தா கரண்டியோடு திரையருகே நின்றாள்.

“இது எருக்குழி. இதுல சாணி போடணும். குப்பை போடணும்.”

“மச்சினன் எங்கக்கா?” என்றாள் மூக்காயி.

“பேசாம இரு.”

“பந்தியில கேட்டதைச் சொல்லுக்கா!”

கூட்டமே கேட்டது. ஆத்தா அதிகாரியைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

படம் முடிந்தது. அதிகாரி எழுந்தார்.

“அம்மா, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட படத்துல இல்லை.”

“தெரியுங்க.”

“சரி, அந்த மச்சினன் அப்புறம் என்ன ஆனான்?”

ஆத்தா கண்கூட இமைக்கவில்லை. “அது ரெண்டாவது படத்துல வருதுங்க.”

“ஆபீஸ்ல இன்னொரு படப் பெட்டி இருக்கு. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கங்க. புரொஜக்டர் இங்கேயே வரும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்புப் பற்றவைக்கக் குனிந்தவள் விழுந்தாள். எழவில்லை.

காரியம் முடிந்தபின் நான் பிளாக் ஆபீஸ் போனேன். பெட்டியைத் திறந்து, சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோழிக்கு ஊசி போடும் படம். மீசைக்காரர் இல்லை. மச்சினன் இல்லை. ஆத்தாவாக இருந்தால் அந்தக் கோழிகளில் ஒன்றை மச்சினன் ஆக்கியிருப்பாள். எனக்கு எந்தக் கோழி என்று தெரியவில்லை.

பெட்டியை மூடி அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.