சிகரெட் பலகையில் என் பெயர்

கயிறு கருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்குத் தொண்டை கமறும். திண்டுக்கல்லில் பழனி ரோட்டோரம் நான் பெட்டிக்கடை வைத்திருந்தபோது, சிகரெட் வாங்குகிறவர்கள் பற்றவைத்துக்கொள்ள வாசலில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று காலையிலிருந்து கனன்றுகொண்டே தொங்கும். அதற்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு என் மகள் ஜெயா வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோடையில்தான் சிகரெட் கம்பெனிக்காரர்கள் வேனில் வந்து, கடைக்குச் சும்மாவே சிவப்புப் பெயிண்ட் அடித்து, நெற்றியில் பெரிய தகரப் பலகை மாட்டினார்கள். பலகைப் படத்தில் கோட்டுப் போட்ட ஒருவன் ஜீப்பில் சாய்ந்து புகை விடுவான். அவன் காலடியில் 'மாரியம்மாள் ஸ்டோர்' என்று என் பெயர். ரெண்டாங்கிளாஸோடு நின்றவள் நான். ரேஷன் கார்டில்கூட என் பெயர் புருஷன் பெயருக்குக் கீழேதான். ஊர் பார்க்க உசரத்தில் இருந்த அதை எத்தனை தடவை எழுத்துக்கூட்டி வாசித்திருப்பேனோ. புகையைத் தப்பென்று அன்றைக்கு யார் சொன்னார்கள்? கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டில் சிகரெட் வைக்காவிட்டால்தான் குறை. "ஆம்பளைன்னா புகையும், அடுப்புன்னா சாம்பலும் இருக்கத்தான் செய்யும்" என்பார் என் மாமியார்.

மழை பிடித்ததும் ஜெயாவுக்கு 'இழுப்பு' வந்தது. நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி கீச்சிட, அவளை மடியில் போட்டுக்கொண்டு மதுரை பஸ்ஸில் உட்கார்ந்தேன். முன் சீட்டுக்காரர் புகை விட்டுக்கொண்டே வந்தார். சின்னாளப்பட்டி வரை பொறுத்தேன். பிறகு, "செத்த நேரம் அணைச்சு வைங்க தம்பி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஏக்கா, உங்க கடையில வாங்குனதுதான இது? காலையில சிரிச்ச முகமாக் குடுத்தீக!"

"வித்தவுகளே அணைக்கச் சொன்னா எப்படி ஆத்தா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. முந்தானையால் பிள்ளை மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

மதுரையில் டாக்டரம்மா, "வீட்ல யாராச்சும் சிகரெட் குடிப்பாங்களா?" என்று கேட்டார். "எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாது" என்றேன், தலை நிமிர்ந்து. பொய்யில்லை; என் புருஷன் பீடிகூடத் தொட்டதில்லை. ஜெயா மட்டும் என் முகத்தையே பார்த்தாள். மறுநாள் ஸ்டூலை நாலடி தள்ளிப் போட்டேன், அம்புட்டுத்தான். கயிற்றை அவிழ்த்து, சிகரெட்டை நிறுத்தியிருந்தால் பலகை போயிருக்கும். பலகையோடு என் பெயரும்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் சட்டம் வந்தது. விளம்பரம் கூடாதென்று ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு பஸ்ஸில் பற்றவைத்தால் கண்டக்டரே இறக்கிவிடுவார். கல்யாணத் தட்டில் சிகரெட் வைக்க எவருக்கும் துணிச்சலில்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் அந்தப் பலகையைச் சட்டம்தான் இறக்கியது, நான் இறக்கவில்லை.

ஜெயா இப்போது வடமதுரையில் இருக்கிறாள். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைப்பாள். இத்தனை வருஷத்தில் என்னை அவள் ஒன்றும் கேட்டதில்லை. அவள் அப்படி நிற்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.