இடப்பக்கத்துப் பட்டன்

ஒரு பட்டனை எதில் செய்ய வேண்டும், எப்படி வைக்க வேண்டும் என்று இரண்டு பேர் ஏழு மாதம் பேசினார்கள். இரண்டு பேருமே அந்தப் பட்டனை அமுக்குகிறவர்கள் இல்லை. அமுக்குகிறவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏழு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அப்புறம் அவர்களுக்குப் பொழுது எப்படிப் போகும்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது. ஒரகடத்தில் காருக்கு ஒயர்க் கட்டு செய்கிற கம்பெனி. நான் பென்னலூரிலிருந்து போய்வந்தேன். எட்டாவது வரை படிப்பு. காண்டிராக்ட் வேலை. டெஸ்டிங் போர்டில் நாலு வருஷம்.

வேலை இதுதான். ஒயர்க் கட்டைப் போர்டில் மாட்ட வேண்டும். கனெக்டர்களை அதனதன் குழியில் செருக வேண்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஒயரையும் சோதிக்கும். சரியாக இருந்தால் லேபிள் வரும். கோளாறு என்றால் கீச்சென்று கூவும், திரையில் ஒரு பெட்டி வரும். பெட்டியில் இரண்டு பட்டன். இடப்பக்கம் ‘மறுபடி’. வலப்பக்கம் ‘ரிஜெக்ட்’. இரண்டும் இங்கிலீஷில். கூவினால் முக்கால்வாசி கோளாறு ஒயரில் இருக்காது. கனெக்டர் முழுசாக உட்கார்ந்திருக்காது. ஒரு குத்து குத்தி, எண்டர் தட்டினால் மறுபடி சோதிக்கும். கூவல் நிற்கும். லேபிள் வரும்.

திரையை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் எண்ணிக்கை வராது. கண் போர்டில், இடது கை கனெக்டரில், வலது கைச் சுண்டுவிரல் எண்டரில். கூவினால் குத்து, தட்டு. கூவாவிட்டால் அடுத்தது. லைனில் எல்லோருக்கும் இதுதான் பழக்கம். இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கம்பெனியில் ஒரு காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

அந்தத் திரையைச் செய்தவர் ஒரு பெரிய சார். ஐம்பது வயசு. சட்டைப் பையில் மூன்று பேனா, ஒன்றும் எழுதாது. விபி ஆறு என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் செய்தது என்று பெருமையாகச் சொல்வார். என்னமோ கோயில் கட்டியவர் மாதிரி. திரை சாம்பல் நிறம். பட்டனும் சாம்பல் நிறம். எழுத்து மட்டும் கருப்பு. அழகு கிடையாது. நாலு வருஷத்தில் ஒரு நாள் நின்றதும் கிடையாது.

அப்புறம் ஒரு புது சார் வந்தார். வயசு இருபத்தாறு இருக்கும். நல்ல பையன்தான். விபி ஆறைப் பார்த்ததும் பிணத்தைப் பார்த்த மாதிரி முகம் சுளித்தார். அன்றைக்கு ஆரம்பித்தது.

சண்டைக்கு இடம் என் போர்டுக்குப் பின்னால். அங்கேதான் பெரிய ஃபேன் இருந்தது.

“சார், விபி செத்துப் போச்சு. செஞ்சவங்களே கைவிட்டுட்டாங்க.”

“யார்ப்பா செத்தது? காலைலேர்ந்து ஓடிகினு கீது பாரு. உங்க ஊர்ல செத்தது ஓடுமா?”

“ஸ்விங்ல எழுதினா எந்த மெஷின்லயும் ஓடும் சார்.”

“ஓடாது. நடக்கும். மெனுவைத் தொறந்தா டீ குடிச்சிட்டு வரலாம்.”

“சரி, ஸ்விங் வேணாம். ஜிடிகே. லைசென்ஸ் தொல்லை கிடையாது.”

“அதுல பட்டனைப் பிடிச்சி ஒரு இடத்துல வைக்க முடியுமா? டப்பாக்குள்ள டப்பா, அதுக்குள்ள டப்பா. வூடு மாத்துறவன் சாமான் கட்டுற மாதிரி.”

“டப்பா இருந்தாத்தான் சார் விண்டோவைப் பெருசு பண்ணும்போது பட்டனும் கூடவே நகரும்.”

“யாரு பெருசு பண்ணப்போறா? மானிட்டர் மேல பிளாஸ்டிக் உறை போட்டு டேப் ஒட்டிக் கீது.”

தினம் இதுதான். எல்லாம் திரை செய்கிற சாமான்களின் பேராம். எம்எஃப்சி என்று ஒன்று. மோட்டிஃப் என்று ஒன்று. க்யூட் என்று ஒன்று. அதற்கும் இரண்டு பேரும் இரண்டு விதமாகப் பேர் சொல்வார்கள், அதற்கு ஒரு அரை மணி. பெரிய சார் சின்ன வயசில் எம்எஃப்சியில் எழுதினாராம். ஒரு பட்டன் கொண்டுவர நாற்பது வரி. அதைக் கஷ்டமாகச் சொல்லவில்லை, பிரசவத்தைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்கு இரண்டு பிரசவம். நான் அப்படிச் சொன்னதில்லை.

பக்கத்துப் போர்டில் ஒரு தென்காசிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒரு நாள் கேட்டாள்.

“யக்கா, இவுக ரெண்டு பேரும் என்னத்துக்குச் சண்ட போடுதாவ?”

“பட்டனுக்கு.”

“சட்டைப் பட்டனா?”

“அப்படி இருந்தா தைச்சுக் குடுத்திருப்பேன்.”

விபிக்குக் கம்பெனி லைசென்ஸ் வாங்கவே இல்லையாம், அதனால் அது வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். புது சார் ஜெயித்தார். ஜிடிகேவில் புதுத் திரை வந்தது. முதலில் ஒரே ஒரு போர்டில் போட்டுப் பார்ப்பது என்று முடிவு. யார் போர்டு என்று பார்த்தார்கள். லைனிலேயே ரிஜெக்ட் குறைவு எனக்குத்தான். ஒழுங்காக வேலை செய்தால் இந்த மாதிரி மரியாதை கிடைக்கும்.

பத்து நிமிஷம் பயிற்சி. விண்டோவைப் பெரிசாக்குவது, சின்னதாக்குவது, நீலத்தைப் பச்சையாக மாற்றுவது, எழுத்தைக் கொஞ்சம் குண்டாக்குவது. எல்லாம் சொல்லிக்கொடுத்தார். நல்ல ஒயர்க் கட்டு ஒன்றை மாட்டிக் காட்டினார். லேபிள் வந்தது. கைதட்டாத குறை. கோளாறு வந்தால் என்ன வரும் என்று காட்டவில்லை. அவர் கையில் கோளாறு வரவில்லை.

“ஈசியா இருக்கா அக்கா?”

“இருக்கு சார்.”

வேறென்ன சொல்வது.

காலை ஷிப்ட். கூவியது, குத்தினேன், தட்டினேன். கூவல் நின்றது. லேபிள் வந்தது. முன்னைவிடச் சீக்கிரமாகவே வந்தது. நல்ல திரைதான் போல என்று நினைத்தேன். லேபிளில் வெறும் கோடுகள். அந்தக் கோட்டைப் படிக்க மெஷினுக்குத்தான் தெரியும். ஒயர்க் கட்டில் ஒட்டிப் பேக்கிங்குக்குத் தள்ளினேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன் சூப்பர்வைசர் வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். ரோட்டோரத்து நிலத்தை விற்றுவிட்டு, பொழுது போகட்டும் என்று வேலைக்கு வருகிறவர். எங்கள் பொழுதையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

“இன்னாமா, தூங்கினு கீறியா? பேக்கிங்ல சிவப்புத் தொட்டி ரொம்பி வழியுது. முப்பத்தொம்பது பீஸு. எல்லாம் உன் நம்பரு.”

எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தேன். நான் ஒட்டிய லேபிள்தான். ஸ்கேன் செய்தால் ரிஜெக்ட் என்று வந்தது.

திரும்பி வந்து போர்டில் ஒரு கனெக்டரைத் தளர்த்தி மாட்டினேன். கூவியது. நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கூவும்போது திரையைப் பார்த்தேன். பெட்டியில் இரண்டு பட்டன். இடப்பக்கம் ‘ரிஜெக்ட்’. வலப்பக்கம் ‘மறுபடி’. எண்டர் தட்டினால் வேலை செய்வது இடப்பக்கம். ரிஜெக்ட்டுக்குப் பழைய திரை லேபிள் தராது. புதுத் திரை தரும். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

எனக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ. முதலாவது, லைனுக்குள் போன் கொண்டுவந்ததற்கு. இரண்டாவது, முதலாவது நியாயமில்லை என்று சொன்னதற்கு. மூன்றாவது வந்தால் காண்டிராக்ட் முடிந்தது. கேட்டில் கார்டை வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் அவர் வேலை செய்த இடத்தில் லைன் மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான்.

இரண்டு மணிக்கு ஹெச்ஆர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை. ஏசி. மேடம், சூப்பர்வைசர், இரண்டு சார், நான். மெமோ டைப் அடித்துத் தயாராக இருந்தது. விசாரணை அதற்கப்புறம்.

“ஏம்மா ரிஜெக்ட் அமுக்கின?” என்றார் மேடம்.

“ரிஜெக்ட் அமுக்கல மேடம். எண்டர் அமுக்கினேன்.”

பெரிய சாருக்கு முகமெல்லாம் பல். எனக்காக அல்ல.

“பாத்தீங்களா மேடம். நான் சொன்னேன். விபில மெசேஜ் பாக்ஸ் போட்டா எந்தப் பட்டன் மொதல்லன்னு நாம சொல்லலாம். இவரு ஊரைக் கேட்டுத்தான் பட்டன் வைப்பாரு.”

“அது விதி சார். ஜிடிகேல ஆமான்னு சொல்ற பட்டன் வலப்பக்கம்தான் வரணும். கண்ணு அங்கதான் போய் முடியும். ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க.”

“யார் கண்ணுப்பா? இந்தம்மா கண்ணு போர்டுல கீது.”

அது உண்மை. அதைத் தெரிந்துகொண்டா விபியில் இடப்பக்கம் வைத்தார் என்றால் இல்லை. அது தானாக வந்த இடம். நாலு வருஷம் நான் அமுக்கியது அதிர்ஷ்டத்தை.

“சரி, எண்டர் தட்டினா மறுபடி வேலை செய்யற மாதிரி ஃபோகஸையாவது வச்சியா?”

“வைக்கல. ஆனா விபியா இருந்தா தமிழ் எழுத்தே வராது சார்.”

“இப்ப தமிழ் எழுத்தை யார் கேட்டா?”

“நீங்க கேக்க மாட்டீங்க. எம்எஃப்சி காலத்து ஆளு.”

“எம்எஃப்சியைப் பத்திப் பேசாத. நீ பொறக்கறதுக்கு மின்னாடி...”

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஏசியைப் பார்த்தார். நான் மெமோவைப் பார்த்தேன். கவனக்குறைவு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அந்த ஒரு வார்த்தை எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தது, ஏற்கெனவே இரண்டு முறை பார்த்ததால்.

கால் மணி நேரம் பொறுத்தேன். ஜாவா வரைக்கும் வந்துவிட்டார்கள். இனி விட்டால் சாயங்காலம் ஆகும்.

“மேடம், அந்த முப்பத்தொம்பதையும் பக்கத்துப் போர்டுல மாட்டிப் பாருங்க. அங்க பழைய திரை.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒயர்க் கட்டு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போல.

தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தென்காசிப் பெண் ஒவ்வொன்றாக மாட்டினாள். பின்னால் நாலு பேர் நின்றார்கள். குத்து, தட்டு. லேபிள். குத்து, தட்டு. லேபிள்.

“எல்லாம் நல்லாத்தானே இருக்கு. எதுக்குச் சார் தொட்டில போட்டிய?” என்று புது சாரைக் கேட்டாள்.

ஒன்றே ஒன்று மட்டும் மூன்று முறை தட்டியும் கூவிக்கொண்டே இருந்தது. நிஜமாகவே ஒயர் அறுந்தது. அதைப் பார்த்ததும் சூப்பர்வைசர் முகத்தில் ஒரு நிம்மதி. ஒன்றாவது கிடைத்ததே.

மறுபடி கண்ணாடி அறை. அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு சாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

“சாப்ட்வேர்ல தப்பில்ல மேடம்,” என்றார் புது சார். “யூசர் டிரெயினிங் பத்தல.”

“அது கரெக்ட்,” என்றார் பெரிய சார். “எந்தத் திரையா இருந்தாலும் அமுக்கறவங்க பாத்து அமுக்கணும்.”

விபியும் ஜிடிகேவும் கைகுலுக்கிக்கொண்டன. நடுவில் நான் இருந்தேன்.

மேடம் மெமோவைக் கிழித்தார். புதிதாக ஒன்று அடித்தார். கவனக்குறைவு போய், பயிற்சிக் குறைவு வந்தது.

“இது மூணாவதா மேடம்?”

“இது மெமோ இல்லம்மா. லெட்டர்.”

“லெட்டருக்கு வெளிய அனுப்புவாங்களா?”

“மாட்டாங்க.”

“அத எழுதிக் குடுங்க.”

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து அடியில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டார். அந்த வரியைத் தென்காசிப் பெண்ணிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

பட்டன் இடம் மாறியது என்று நினைப்பீர்கள். மாறவில்லை. மாற்றினால் விதிக்கு விரோதம் என்றார் புது சார். மாற்றச் சொன்னால் ஜிடிகேவை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று பெரிய சாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பயிற்சி வைத்தார்கள். புதுத் திரையில் வேலை செய்தவள் கம்பெனியிலேயே நான் ஒருத்திதான். அதனால் பயிற்சி கொடுக்க வேண்டியவளும் நான். பயிற்சிக் குறைவு என்று மத்தியானம் கையெழுத்துப் போட்டவள், சாயங்காலம் டீச்சர்.

கேன்டீனில் லைன் முழுக்க உட்கார்ந்திருந்தது. மைக் கொடுத்தார்கள்.

“கூவினா, டேப் விசை ஒரு தட்டு, வலப்பக்கம் தாவும். அப்புறம் எண்டர் ஒரு தட்டு. டேப் மறந்தா மெமோ.”

முடிந்தது. பயிற்சிக்கு நாற்பது நிமிஷம் என்று படிவத்தில் போட்டிருந்ததாம். மீதி நேரத்துக்கு இரண்டு சாரும் பேசினார்கள். பட்டனை மவுசால் அமுக்குவது நல்லதா, விசையால் அமுக்குவது நல்லதா என்று. நாங்கள் வடை சாப்பிட்டோம்.

எல்லாப் போர்டிலும் புதுத் திரை வந்தது. ஒரு தட்டு இருந்த இடத்தில் இரண்டு தட்டு ஆனது. அதற்கு முன்னேற்றம் என்று பேர் வைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். படத்தில் இரண்டு சாரும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

மார்ச்சில் காண்டிராக்ட் புதுப்பிக்கிற நேரம். எங்கள் செட்டில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். மெமோ எண்ணிக்கை பார்த்தார்கள். எனக்கு இரண்டோடு நின்றது. என் படிவத்தில், ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டத்தில், சூப்பர்வைசர் எழுதியிருந்ததை மேடம் படித்துக் காட்டினார். புதிய மென்பொருளில் முன் அனுபவம் உள்ளவர்.

முப்பத்தொன்பது பீஸ் அனுபவம். அதில் ஒரே ஒரு ரிஜெக்ட் சரி. மேடம் பேனாவை நீட்டினார், வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.